சூட்டோடு நிறுத்தாத வண்டி

ஒரு பேண்ட்டின் காலை மடித்து, குத்தி, அடித்து, நூலைக் கடித்து நிமிர எனக்குச் சரியாக இரண்டு நிமிஷம் ஆகும். எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரி சாயங்காலம் ஆறேகாலுக்கு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவாள். நிறுத்துவாள் என்றால் சக்கரம்தான் நிற்கும், இன்ஜின் நிற்காது. நான் ஒரு காலைத் தொடங்குவேன். நூலைக் கடிக்கும்போது அங்கே அணையும். எட்டு மாதமாக ஒருநாள்கூடப் பிசகவில்லை.

தெருவைப் பார்ப்பதற்காக நான் தையல் மெஷினை ஜன்னலோரம் போடவில்லை. வெளிச்சத்துக்காகப் போட்டேன். வெளிச்சத்தோடு தெருவும் சேர்ந்து உள்ளே வந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கண்ணாடிக்காரி என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மெஷினில் வைத்துத் தேய்த்து, ஓரம் மழித்து, ஃபிரேமுக்குள் உட்காரவைக்கிற வேலை. அரை மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் விழுந்துவிடும் என்பாள். விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளையாக ஒரு தூசி இருக்கும். வயது நாற்பதைத் தொடவில்லை. ஓட்டுவது மட்டும் இரண்டு கதவு வைத்த, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகிற, சாம்பல் நிறப் பந்தய வண்டி. புருஷன் விட்டுப்போன வண்டி.

அது நின்றபடி ஓடுகிற அந்த இரண்டு நிமிஷமும் என் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஊசி டப்பாவைத் திறந்து வைத்திருந்தால் ஊசிகள் தாமாகவே ஆடி ஆடி ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

"உள்ள உக்காந்து அழறா பாவம். வீட்ல அழுதா வீடு கேக்குமேன்னு" என்றாள் மாடிவீட்டு டீச்சர்.

"போன் பேசறாளோ என்னவோ. யாராவது இருப்பான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். செய்தித்தாளில் வானிலையைத் தவிர வேறெதையும் வாசிக்காத மனுஷனுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சந்தேகத்தோடு இருப்பது உடம்புக்கு ஆகாது. மூன்று நாள் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வண்டியை ஒட்டியே நடந்து பார்த்தேன். அழவில்லை. போனும் இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். கண் எதிரே இருக்கிற சின்னக் கடிகாரத்தின் மேல். ஷட்டர் இறக்கின கடை மாதிரி முகம், தட்டிப் பார்க்கக்கூடத் தோன்றாது. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "இன்னைக்கும் குப்பையாக்கா?" என்றாள். பையில் ஒரு வாழைப்பழத் தோல்தான் இருந்தது.

அவள் புருஷனைத் தெருவில் 'டர்போ' என்போம். பிழைப்பு லிஃப்ட் ரிப்பேர். பகலெல்லாம் மேலும் கீழுமாகவே போய்வந்த மனிதருக்கு முன்னால் போகவேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பில்லை. பழைய வண்டியை வாங்கி மூன்று வருஷம் அதன் அடியிலேயே படுத்திருந்தார். எனக்கு அவருடைய காலணியின் அடிப்பாகம் அவர் முகத்தைவிட நன்றாகத் தெரியும். யார் வாசலில் நின்றாலும் வெளியே ஊர்ந்துவந்து பாடம் எடுப்பார்.

"அக்கா, வண்டிப் புகை சும்மா வெளிய போகுதில்ல? சூடா, வேகமா போகுது. அது போற வழியில ஒரு சின்னக் காத்தாடிய வெச்சா சுத்தும். அதே தண்டோட மறுமுனையில இன்னொரு காத்தாடி. இது சுத்தினா அதுவும் சுத்தும். அது வெளிக்காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோல் கூட எரியும், பலம் கூடும். அவ்ளோதான் டர்போ."

"அதாவது, வெளிய கிளம்பறவன வாசல்ல புடிச்சு நிறுத்தி ஒரு வேலைய ஏவறது."

"அதேதான்!"

"இத எங்க மாமியார் எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்களே தம்பி. அவங்களுக்கு யாரும் கைதட்டல."

இதைப் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவள் என்னைப் பார்த்து, ஒரு பக்கத்துப் பல் மட்டும் தெரிகிற மாதிரி சிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு இருந்தது.

கம்பெனி போட்ட சைலன்சரை அறுத்துப் போட்டுவிட்டு மூன்று அங்குலப் பைப்பை அவரே வளைத்துப் பொருத்தினார். காத்தாடியைச் சுற்றிவிட்ட புகைக்கு அதன் பிறகு எந்தத் தடையும் இருக்கக் கூடாதாம். தடை இருந்தால் காத்தாடி சோம்பிப்போகுமாம். "டர்போவே பாதிச் சத்தத்த முழுங்கிடும்கா, நீங்க கேக்கறது மிச்சம்தான்" என்றார். அந்த மிச்சத்துக்கே டீச்சர் வீட்டுப் பாத்திரங்கள் பேசிக்கொண்டன. ஆனாலும் கெட்ட சத்தம் என்று சொல்ல மாட்டேன். அடித்தொண்டையில் ஒரு முனகல். காலை எடுத்தால் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு.

இந்த இரண்டு நிமிஷக் கணக்கும் அவர் கொண்டுவந்ததுதான். அந்தக் காத்தாடி நிமிஷத்துக்கு லட்சம் சுற்று சுற்றுமாம். புகை பட்டுப் பட்டு இரும்பு பழுத்திருக்குமாம். ஓட்டி வந்த சூட்டோடு அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, நின்ற எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகப் பிடித்துக்கொள்ளுமாம். அதனால் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, ஆறின பிறகுதான் அணைக்க வேண்டும்.

சொன்னார் என்பதற்காக மற்றவர்கள் செய்வார்கள். இவர் விரதம் மாதிரி செய்தார். மழை கொட்டும், கொடியில் துணி கிடக்கும், எடுக்க ஆளிருக்காது. அவர் வண்டிக்குள் இருந்து விரலை உயர்த்திக் காட்டுவார், இன்னும் ஒரு நிமிஷம். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிக் கருகுகிற வாசனை தெருவரைக்கும் வந்துவிட்டது. அவள் குளியலறையிலிருந்து கத்துகிறாள். அவர் அசையவில்லை.

"நீங்க இந்த வண்டிக்கே வாக்கப்பட்டிருக்கலாம்" என்று ஈரத்தலையோடு வாசலில் நின்று திட்டினாள்.

"பால் வேற வாங்கலாம்டி. டர்போ?"

திட்டினாளே தவிர, அவள் ஓட்டிக்கொண்டு வரும்போதும் இரண்டு நிமிஷம் ஓடவிட்டுத்தான் அணைத்தாள். பழக்கம் ஒட்டுவாரொட்டி.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஜன்னலில்தான் இருந்தேன். அவர் பனியனோடு நெஞ்சைத் தேய்த்தபடி வெளியே வந்தார், தன் காலால் நடந்துதான் வந்தார். "வாயுக்கா. இவ விடமாட்டேங்கறா, ஆஸ்பத்திரி போய்ட்டு வந்துடறேன்" என்றார். அவள் ஓட்டினாள். துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், தெருவைத் தாண்டிவிட்டது.

மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. அவர் தம்பி ஓட்டிவந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டார்கா" என்றாள்.

வாசல்லயே. எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே என்று கேட்டுக்கொண்டேன்.

அன்று நாங்கள் எல்லோரும் அழுதோம். அவள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் வேலைக்குப் போனாள். கல்நெஞ்சு என்று டீச்சர் சொன்னாள். நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, நாலு வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

இரண்டு மாதமாக வண்டியின் சத்தம் மாறிவிட்டது. முனகல் போய், காலையில் கிளப்பினால் 'டக் டக் டக்' என்று யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி. மேலே ஒரு கரகரப்பு. புகை வாடை வேறு என் வீட்டுக் கூடம்வரை வந்து உட்கார்ந்தது. தெருச் சங்கத்தில் பேச்சு எழுந்தது. மாதக் கடைசிக்குள் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வண்டி இந்தத் தெருவில் நிற்கக் கூடாது என்று ஒரு கடிதம் கொடுப்பதாக முடிவாயிற்று. யார் எழுதுவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அது என் குற்றமா? ஒரு பக்கம் போதும் என்றார்கள். விஷயம் நிறைய இருந்தது, இரண்டு பக்கம் வந்துவிட்டது. அடியில் 'தெருவாசிகள்' என்று மட்டும் போட்டேன்.

கடிதம் போன மூன்றாம் நாள் கொழுந்தன் வந்துவிட்டான். கொரியர் வேன் ஓட்டுகிறவன், அண்ணன் என்றால் உயிர். வாசலில் நின்றே பேசினான், எனக்கு வசதியாக.

"அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? வண்டிய நான் கொண்டுபோறேன். எங்க ஏரியால யாரும் கேக்க மாட்டாங்க. அண்ணன் எப்படி வெச்சிருந்தாரோ அப்படியே வெச்சுப்பேன். மாசக் கடைசில வந்து சாவி வாங்கிக்கட்டுமா?"

"பாக்கலாம்."

"வேணாம்னாலும் சொல்லுங்க, வேணும்னாலும் சொல்லுங்க."

"பாக்கலாம் தம்பி."

கோபமுமில்லை, கெஞ்சலுமில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். வண்டியைக் கொடுக்கிறாளா, வைத்துக்கொள்கிறாளா என்று தெரு முழுக்கப் பேச்சு. சம்பந்தப்பட்டவளுக்கு மட்டும் அதில் அக்கறை இருந்த மாதிரி தெரியவில்லை.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் காலை என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, இன்னைக்கு எனக்கு லீவு. சைலன்சர் கடைக்குப் போறேன். கூட வரீங்களா?"

"நானா? வண்டியப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்?"

"ரெண்டு பக்கம் எழுதியிருந்தீங்களே."

அவள் முகத்தில் குத்தலே இல்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

"கையெழுத்து நல்லா இருந்துச்சு" என்றாள். "வாங்க."

போனேன். வெட்கத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டிக்குள் எப்படியிருக்கும் என்று மூன்று வருஷமாக எனக்கு ஒரு ஆசை இருந்தது. உட்காருவதே படுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது, தெருவெல்லாம் மனிதர்களின் இடுப்புத்தான் தெரிந்தது. நிதானமாகத்தான் ஓட்டினாள். அப்படியும் வேகம் எடுக்கும்போது எங்கோ ஒரு விசில் மெல்ல எழும்பி அடங்கியது. காத்தாடி. பேசிக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தேன். பாதி வழியில்தான் நான் உட்கார்ந்திருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உட்கார்ந்திருந்த இடம் என்று உறைத்தது. பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

சைலன்சர் கடை என்பது தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவரெல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குகிற பைப்புகள். மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டை முழுக்க வெல்டிங் பொறி பட்ட பொட்டுப் பொட்டான ஓட்டைகள், சல்லடையாகவே உபயோகிக்கலாம். அவள் வாசலில் இரண்டு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்ததை அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமையில்லாமல் அல்ல, பிரியமாக.

சூடு ஆறியதும் வண்டியை மேலே தூக்கினார். டார்ச் அடித்தார், முகர்ந்தார், மூடியைக் கழற்றினார்.

"இங்க வாங்கம்மா ரெண்டு பேரும். இது மேனிஃபோல்டு. இன்ஜின்லேர்ந்து வர்ற புகையெல்லாம் சேர்த்து டர்போ வாய்ல ஊட்டற கை. பாருங்க, விரிசல். என் கட்டைவிரல் நீளம். சாதா வண்டில இவ்ளோ சூடு கிடையாது. டர்போ வண்டில புகைய நிறுத்தி வேலை வாங்கறோமில்ல, இந்த இடம் பழுத்துப் பழுத்து ஆறும். எத்தனை நாள் தாங்கும் இரும்பு? காலைல டக் டக்னு கேட்டிருக்குமே, சூடானா கொஞ்சம் அடங்குமே?"

"ஆமா" என்றேன் நான். அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"சூட்டுல இரும்பு விரிஞ்சு வாய மூடிக்கும். அதான். இத ஒட்ட வெச்சா மூணு மாசத்துல மறுபடி விட்டுடும். நல்லதா ஒண்ணு கழட்டி வெச்சிருக்கேன், மாத்திடலாம். நடுவுல ஒரு பெட்டியும் வெச்சுடறேன், உள்ள நேரா ஓட்டை போற பெட்டி. டர்போக்கு மூச்சு முட்டாது, தெருவும் பொழைச்சுக்கும். எவனோ புகார் எழுதியிருப்பானே?"

நான் பைப்புகளை எண்ணத் தொடங்கினேன்.

மேனிஃபோல்டை எடுக்க டர்போவைக் கழற்ற வேண்டுமாம். கழற்றி மேஜைமேல் வைத்தார். நத்தை ஓடு மாதிரி இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டினது. இவ்வளவுதானா என்று இருந்தது. இந்தச் சின்ன உருப்படிக்கா பால் கருகினது, மழையில் துணி நனைந்தது?

அவர் உள்ளே விரலை விட்டு மெல்லச் சுண்டினார். காத்தாடி சத்தமே இல்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. எண்ணெய் வரும் துவாரத்தில் வெள்ளைத் துணியை நுழைத்து எடுத்தார். கரி இல்லை. துணியை எங்கள் இருவருக்கும் காட்டினார்.

"இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்மா. பத்து வருஷ வண்டில இப்படி ஒரு டர்போவ நான் பாத்ததில்ல. இத ஓட்டினவன் ஒரு நாள்கூட சூட்டோட ஆஃப் பண்ணினதில்ல. ஒரே ஒரு நாள்கூட. நான் எழுதித் தரேன். யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"கூட்டிட்டு வாங்கம்மா ஒருநாள். கையக் குடுக்கணும் அவருக்கு."

"சொல்றேன்" என்றாள்.

அவள் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இப்போதுதான் நின்றது.

"ஒரு சந்தேகம் மேஸ்திரி" என்றாள். "ஒரே ஒரு தடவை. வேகமா ஓட்டிட்டு வந்து, அந்த ரெண்டு நிமிஷம் விடாம, உடனே ஆஃப் பண்ணியிருந்தா, இதுக்கு என்ன ஆகியிருக்கும்?"

"ஒரு தடவையா?" மேஸ்திரி சிரித்தார். "ஒரு தடவைல என்னம்மா ஆகும்? வருஷக்கணக்கா தினம் பண்ணினாத்தான் கெடும். ஒரு தடவை ரெண்டு தடவையெல்லாம் ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஒண்ணும் ஆகியிருக்காதா?"

"ஒண்ணுமே ஆகியிருக்காது. ரெண்டு மணி நேரம் ஆகும், அந்த பெஞ்சுல உக்காருங்க."

பழைய கார் சீட்டைக் கழற்றி நாலு செங்கல் மேல் வைத்திருந்தார், அதுதான் பெஞ்சு. உட்கார்ந்தோம். உள்ளே கிரைண்டர் ஓடியது, நின்றது, ஓடியது. அவள் விரல் நுனியில் இருந்த வெள்ளைத் தூசியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எட்டு நிமிஷத்துல ஆஸ்பத்திரி போய்ச் சேந்துட்டேன்கா" என்றாள். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "ரோடு காலி. நான் அப்படி ஓட்டினதே இல்ல. 'நல்லா ஓட்டறியே'ன்னார். வாசல்ல நிறுத்தி சாவில கை வெச்சேன். 'ஏய், ஆஃப் பண்ணாத, பழுத்திருக்கும், ரெண்டு நிமிஷம் விடு'ன்னார்."

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டே பழகின வாய். "நீ என்னம்மா பண்ண?"

"விட்டேன்."

கிரைண்டர் ஓடி நின்றது.

"அவர் நல்லாத்தான் பேசிட்டிருந்தார். வலி குறைஞ்ச மாதிரி இருக்குன்னார். வாட்ச்மேன் வந்து இங்க நிறுத்தாதீங்கன்னார். 'ரெண்டே நிமிஷம் பாஸ்'னு இவர்தான் சொன்னார். ரெண்டு பேரும் கடிகாரத்தப் பாத்துட்டு இருந்தோம். ஒண்ணு நாப்பது ஆச்சு. 'போதுமாங்க?'ன்னு கேட்டேன். பதில் சொல்லல. இன்னும் இருபது செகண்டு இருக்கே, அதான் சொல்லலைன்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷம் ஆகற வரைக்கும் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் ஆஃப் பண்ணினேன். அப்புறம்தான் திரும்பினேன்."

மறுபடியும் என் வாய்தான் கேட்டது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"'கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா'ன்னு சொன்னார். எல்லார்கிட்டயும் சொல்றதுதானாம். எவ்ளோ கொஞ்சம்னு நான் கேக்கல."

"ரெண்டு நிமிஷத்துல என்னம்மா ஆகியிருக்கும்" என்றேன். "ஒண்ணும் ஆகியிருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, மேஸ்திரி சொன்ன அதே வார்த்தை. அவர் இரும்பைப் பற்றித் தெரிந்து சொன்னார். நான் எதைப் பற்றியும் தெரியாமல் சொன்னேன். அவள் தூசியைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு நாங்கள் இருவரும் ஒருவன் பைப்பை அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், சினிமா பார்க்கிற மாதிரி. எட்டு மாதமாகத் தினமும் அந்த இரண்டு நிமிஷத்துக்கு நான் ஒரு பேண்ட்டுக் கால் அடித்திருக்கிறேன். எத்தனை கால் என்று கணக்குப் போட்டேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வேலை முடிந்து கிளப்பினபோது எனக்கு வண்டி ஓடுகிறதா என்றே சந்தேகம். மேஸ்திரி பின்பக்கம் உள்ளங்கையை வைத்து, "இருக்கு, இருக்கு" என்றார். முனகல்கூட இல்லை. "அவர்கிட்ட சொல்லுங்க" என்று கை அசைத்தார். அவள் தலையசைத்தாள்.

திரும்பும் வழியில் மெயின் ரோடு காலியாக இருந்தது. அவள் காலை அழுத்தினாள். விசில் எழுந்தது, என் முதுகு சீட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. தெருமுனை வரைக்கும் அப்படியே வந்தாள்.

அவள் வீட்டுப் படியில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். மறுநாள்தான் மாதக் கடைசி, ஒருநாள் முன்பே வந்துவிட்டான். வண்டி நின்றது. நான் என்னையறியாமல் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. சக்கரம் நின்றதும் சாவியைத் திருப்பினாள்.

கொழுந்தன் துள்ளி எழுந்து ஜன்னலுக்கு வந்தான்.

"அண்ணி! என்ன, டக்குனு ஆஃப் பண்ணிட்டீங்க? அவ்ளோ வேகமா வந்தீங்க, சூடா இருக்குமே! ரெண்டு நிமிஷம் விடணும்னு தெரியாதா?"

"தெரியும்."

"டர்போ கருகிடும் அண்ணி. அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"இதையேதான் சொல்லியிருப்பார்" என்றாள்.

அவனுக்கு அது சமாதானமாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டான். "அதுக்குத்தான் சொல்றேன், வண்டிய என்கிட்ட குடுங்க. உங்களுக்கு வேலை, வீடு, ஆயிரம் இருக்கு. எனக்கு வேற என்ன? கண்ணு மாதிரி பாத்துப்பேன்."

"ரெண்டு நிமிஷம் விடுவியா?"

"என்ன அண்ணி இப்படிக் கேட்டுட்டீங்க? கண்டிப்பா. மழையோ, இடியோ, உயிரே போனாலும் சரி. அண்ணன் மாதிரியே. ஒரு தடவைகூட மிஸ் ஆகாது."

அவள் சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்ப வேணாம் தம்பி."

"எது வேணாம்?"

"வண்டி உனக்கு வேணாம்."

"அதான் விடுவேன்னு சொல்றேனே அண்ணி!"

"அதனாலதான். இது இங்கயே இருக்கட்டும். இப்ப சத்தம் இல்ல, தெருவுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லக்கா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன். தெருவாசிகள் சார்பாக.

அவன் என்னைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், பானெட்டைத் தொடப்போய்ச் சூட்டில் கையை இழுத்துக்கொண்டான். "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனை திரும்பும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனான், பாவம்.

"இறங்கலாமாம்மா?" என்றேன்.

"இருங்கக்கா."

முன்பக்கம் இரும்பு ஆறுகிற சத்தம் கேட்டது. டிங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிங். எதிரே என் ஜன்னல், என் மெஷின், அதில் பாதியில் நிற்கிற யாருடையதோ ஒரு பேண்ட். அங்கிருந்து பார்த்தால் என் வீட்டுக்குள் எல்லாமே தெரிந்தது. அதுவரை எனக்கு அது தெரியாது.

டீச்சர் அன்றே வந்துவிட்டாள். கொழுந்தன் அவளிடம் புலம்பிவிட்டுப் போயிருக்கிறான். கண்ணாடிக்காரிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாமே, என்னதான் நடந்தது, நீங்கள்தானே கூடப் போனீர்கள்?

"மேனிஃபோல்டுல விரிசல்" என்றேன்.

"அது இல்லக்கா, அவ—"

"கட்டைவிரல் நீளம்" என்றேன். அதற்குமேல் அவளுக்கு என்னிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது வண்டி வருவதே காதில் விழுவதில்லை. புகார் எழுதினவளுக்கு அது வேண்டியதுதான். ஆறேகால் ஆனால் எழுந்து எழுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வந்து நின்றதும் அணைத்துவிடுகிறாள். ஆனால் இறங்குவதில்லை. முன்போலவே இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல், கொஞ்ச நேரம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அவள் வந்துவிட்டால் நான் மெஷினை நிறுத்திவிடுகிறேன்.